எட்டா, இருபத்தைந்தா

பள்ளிக்கூடம் போன கதையை எடுத்தால் நம் வயதுக்காரர்கள் யாரும் சும்மா இருப்பதில்லை. ஒருவர் அட்டைக் கடியைச் சொல்வார். ஒருவர் காட்டெருமைக்குப் பயந்து தேயிலைச் செடிக்குள் படுத்துக் கிடந்ததைச் சொல்வார். பஸ்ஸின் பின் ஏணியில் தொங்கிக்கொண்டு போனவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். நான் படகில் போனவன் என்றால் மட்டும் சிரிக்கிறீர்கள். மலை மேல் ஏதப்பா படகு என்கிறீர்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. அதனால்தான் எழுதி வைக்கிறேன். நமக்கும் காதோரம் நரைக்கத் தொடங்கிவிட்டது. சொல்லாமல் விட்டால் எனக்கே மறந்துபோகும்.

மஞ்சூருக்கும் மேலே, மூன்று பக்கம் அணைத் தண்ணீர் சூழ்ந்த மேட்டில் எங்கள் தோட்டம். நாலாவது பக்கம் காடு. லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், முக்கால்வாசிப் பேர் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் தோட்டத்திலேயே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதற்கு மேல் படிக்க, ஊசி போட, மண்ணெண்ணெய் வாங்க, எல்லாவற்றுக்கும் அக்கரைதான். தண்ணீரைக் கடந்தால் கால் மணி நேரம். கொழுந்து லாரி உருளும் காட்டு மண்பாதையில் சுற்றினால் அரை நாள், அதுவும் காட்டெருமை மனசு வைத்தால்.

படகு லயத்துக்குப் பொது. எங்கோ சுற்றுலாக்காரர்களை ஏற்றிக் களைத்துப்போன சின்ன ஃபைபர் படகு. அதன் விலாவில் வரைந்திருந்த மீன் ஒன்று பெயின்ட் உரிந்தும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கும். மூன்று பெஞ்சு. பின்பலகையில் எட்டு குதிரைத் திறன் எஞ்சின். அதை ஓட்டியவர் என் அப்பா. காலையில் பிள்ளைகளை அக்கரையில் விட்டுவிட்டு, பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எண்ணும் நேரத்துக்கு, ஓடி வந்து நிற்பார். சாயங்காலம் மறுபடி ஒரு நடை. எஞ்சினைத் துறையில் விட்டுவைக்க முடியாது. திருடு போகும்; போகாவிட்டாலும் பனியில் நனைந்து காலையில் கிளம்பாது. ஆகவே தினமும் கழற்றி, தேயிலை நடுவே செங்குத்தான பாதையில் தோளில் வைத்து லயத்துக்கு ஏறுவார். வீட்டுக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் அது இருக்கும். எங்கள் வீட்டுச் சோற்றுக்குக்கூட லேசாகப் பெட்ரோல் வாசனை உண்டு. மற்ற வீடுகளில் சாப்பிட்டபோதுதான் சோற்றுக்கு வாசனையே கிடையாது என்று எனக்குத் தெரிந்தது.

அம்மாவுக்கு எட்டாம் மாதம் நடந்த ஆடியைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மத்தியானம் வலி எடுத்தது. அப்பா, அம்மா, அக்கா மூவரும் படகில் போனார்கள். நான் துறையில் நின்றேன். தண்ணீருக்குள் மூக்கு மாதிரி நீண்டிருக்கும் ஒரு பாறை உண்டு. அது வரைக்கும் காற்று மலைக்குப் பின்னால் மறைந்திருக்கும், அதைத் தாண்டியதும் முகத்தில் அறையும். அங்கே போன படகு நின்றுவிட்டது. எஞ்சின் நிற்கவில்லை. அது கத்தியது, மலை முழுக்க எதிரொலித்தது. படகு மட்டும் போட்டோவில் இருப்பதுபோல ஓர் அடி முன்னேறாமல் நின்றது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மழை வந்து மறைத்தது. மழை விட்டபோது படகு அதே இடத்தில் இருந்தது.

அம்மா நாலைந்து நாளில் திரும்பி வந்தாள். தொட்டில் கட்டக் கொண்டுபோன சேலையும் மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது.

அடுத்த வருஷம் நான் ஆறாம் வகுப்பு, அக்கா பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் பழைய எஞ்சின் உயிரை விட்டது. கோயமுத்தூரிலிருந்து ஓர் எஞ்சின்காரர் வாடகை ஜீப்பில் கூடலூர்க்காரர் ஒருவரை ஓட்ட வைத்து, காட்டு வழியாக வந்து இறங்கினார். மெல்லிய மீசை, கழுத்தில் மப்ளர், குளிரில் பல் கிட்டிக்கொண்டது. ஜீப்பில் இரண்டு எஞ்சின். ஒன்று புதுசு, எட்டு குதிரை. இன்னொன்று கடலில் ஓடிய பழசு, இருபத்தைந்து குதிரை. இரண்டுக்கும் ஒரே விலை.

"ஏனுங்க, ரெண்டையும் கொண்டாந்திருக்கறனுங்க. ஓட்டிப் பாத்துப்போட்டு எது புடிக்குதோ அத வெச்சுக்குங்க. இன்னொன்ன கையோட நான் எறக்கிட்டுப் போயிருவனுங்க. கீழ ஆளு காத்துக்கிட்டு இருக்கறாங்க."

படகுக் காரியங்களுக்குப் பெரியவர் எங்கள் கங்காணி. வேலையிடத்தில் அதட்டுவார், வெளியே தமாஷ் பேசுவார். அவர் எட்டு குதிரையைச் சுற்றி வந்தார்.

"கீழ எட்டுன்னா இங்க அது எட்டா நிக்குமாங்க? சோறே இங்க சட்டுன்னு வேக மாட்டேங்குது. லாரியெல்லாம் மூச்சு வாங்கிக்கிட்டுல்ல ஏறி வருது."

"நெசந்தானுங்க. இந்த ஒயரத்துக்கு வந்தா ரெண்டு குதிர படுத்துக்குமுங்க. ஆறுதான் ஓடும்."

"அப்ப படுத்த ரெண்டுக்கும் நாங்க புல்லு வைக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. பெரிய எஞ்சினின் தலைமேல் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"பெருசு வேணும்" என்றார்.

"அட, தூக்கிப் பாத்தியா நீ?" என்றார் கங்காணி. "தோள்ல வைக்கிற சாமானா இது? கம்புல கட்டி முன்னால ஒருத்தன் பின்னால ஒருத்தன்னு பொணம் மாதிரி தூக்கணும். பெரட்டுக்கு முன்னாடி விடியக்கால எவன் வந்து ஒனக்குத் தோள் குடுப்பான்?"

"எம் புள்ளைக இருக்கு."

"பெட்ரோலக் குடிக்கும்ப்பா."

"குடிச்சா குடிக்கட்டும். மூக்கத் தாண்டுமான்னு பாருங்க. அது ஒண்ணுதான் எனக்கு."

மூக்கு என்றது அந்தப் பாறையை. எதைச் சொல்கிறார் என்று அங்கே தெரியாதவர் எஞ்சின்காரர் ஒருவர்தான். அவர் மப்ளரை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

அன்றைக்கு வீட்டில் அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "போனது போச்சு. அதுக்குன்னு எஞ்சின் வாங்கிப் பழி தீக்க முடியுமா? சின்னதுன்னா நீங்க ஒராளே தூக்கிக்கலாம். இருக்கிற புள்ளைக பள்ளிக்கூடம் போய்ட்டு வரட்டும்."

அக்காதான் பதில் சொன்னாள். "இல்லம்மா. பெருசே வாங்கட்டும். அன்னிக்கு ஒந் தலைய மடியில வச்சுக்கிட்டு நாந்தான இருந்தேன். கரை தெரியுதும்மா, பக்கத்துல தெரியுது, போக முடியல. இன்னொருத்தங்களுக்கு அது வேணாம்."

அவளுக்கு அப்போது பதினைந்து வயது. துணிக்கடைப் பையில் புத்தகம் வைத்து, பைக்குள் மழை இறங்காமல் உரச் சாக்கைத் தலைமூடும் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு போவாள். அவள் பாதி, பை பாதி நனையும். எங்கள் வம்சத்தில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் அவள். சம்பள நாளில் அப்பாவின் கட்டைவிரலைப் பிடித்து மையில் வைக்கும்போது அவளுக்குக் கூச்சமாக இருக்கும். பத்தாவது முடித்ததும் அப்பாவுக்குக் கையெழுத்துக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லியிருந்தாள்.

இனி ஓட்டிப் பார்த்த கதை. அதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்களுக்கு எடை என்றால் கொழுந்துச் சாக்குதான். பன்றி வாங்கினாலும் எத்தனை சாக்குத் தேறும் என்றுதான் கேட்போம். பெரிய ஆள் என்றால் இரண்டு சாக்கு, சின்னப்பிள்ளை ஒரு சாக்கு. கல்யாணப் பெண்ணைக்கூட "மூணு சாக்கு இருப்பா போல" என்று மாப்பிள்ளை காதுபடக் கிண்டல் செய்வார்கள். ஓட்டிப் பார்க்கும்போது ஆளை ஏற்ற யாருக்கும் தைரியமில்லை. என்ன எஞ்சினோ, எப்படியோ. ஆகவே கங்காணி ஒரு யோசனை சொன்னார். ஆளுக்குப் பதில் சாக்கை ஏற்றுவோம். எடைக் கொட்டகையில் லாரிக்காகக் காத்திருந்த கொழுந்து மூட்டைகளை ஆளுக்கு ஒன்றாகச் சுமந்து துறைக்கு இறக்கினார்கள். லாரிக்காரர் மேலே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எட்டுப் பேர், அவர்களோடு ஆஸ்பத்திரிக்கோ சந்தைக்கோ போகிற ஒருவர். அந்தக் கணக்குக்குச் சாக்குகளைப் படகின் அடியில் வரிசையாகப் படுக்க வைத்தார்கள்.

"இது யாரு?" என்று ஒரு மூட்டையைத் தட்டிக் கேட்டார் கங்காணி.

"நாந்தான்" என்றேன்.

"ஓட்டைச் சாக்குடா. கொழுந்து ஒழுகுது பாரு."

முதலில் சின்ன எஞ்சின். பாறை வரை தையல் மெஷின்போல நன்றாகப் போனது. தாண்டியதும் ஆனிக் காற்று பிடித்தது. படகு மெதுவானது. மிக மெதுவானது. நின்றதுபோலவும் இருந்தது, நகர்வதுபோலவும் இருந்தது. கரையில் எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றோம். அம்மா கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா படகைத் திருப்பிக் கொண்டுவந்தார். முகத்தில் தண்ணீர் அடித்திருந்தது.

அடுத்து பெரியது. கயிற்றை இழுத்ததும் துறையே அதிர்ந்தது. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. பாறையைத் தாண்டியது, காற்றைத் தாண்டியது, அக்கரைக் கல்படியைத் தொட்டுத் திரும்பியது. வாயில் விரல் வைத்து விசிலடித்தார்கள். மூட்டைகள் வைத்தது வைத்தபடி இருந்தன. அப்பாவை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. படகிலிருந்து குதித்து நேரே அம்மாவிடம் போனார்.

"சரிப்பா, காத்துகிட்ட நம்ம வீராப்பு செல்லாது. பெருசையே வச்சுக்குவோம்" என்றார் கங்காணி. எஞ்சின்காரர் சின்னதை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கிப் போனார். இரண்டாம் வளைவில் அதன் சிவப்பு மூடி ஒருமுறை தெரிந்தது.

திங்கட்கிழமை எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டிப் புறப்பட்டோம். சின்னவர்கள் முன்னாலும் நடுவிலும். பின் பெஞ்சில், அப்பாவுக்கு முன்னே, அக்காவும் கங்காணி மகளும். இருவரும் பெரிய பெண்கள், ஒரே வகுப்பு. மூக்குப்பாறை தாண்டியதும் அப்பா விசையைத் திருகினார். படகு எழும்பியது. அந்த வேகத்தை எங்களில் யாரும் கண்டதில்லை. சின்னவர்கள் ஓவென்று கத்தினார்கள். பயமா சந்தோஷமா என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. அப்பா பயந்துபோய்ச் சட்டென்று விசையைக் குறைத்தார்.

படகு நின்றது. பின்னால் துரத்தி வந்த எங்கள் அலை நிற்கவில்லை. எஞ்சின் கனத்தோடு இரண்டு பெரிய பெண்களின் கனமும் சேர்ந்து பின்பலகை தண்ணீர் மட்டத்துக்கே இறங்கியிருந்தது. அலை அதன்மேல் ஏறி, அவசரமே இல்லாமல் உள்ளே வந்தது. முழங்கால் அளவு. பனித்தண்ணீர். எல்லோரும் எழுந்து நின்றோம், அது இன்னும் மோசம். அக்கா தூக்குவாளியைக் கவிழ்த்துச் சோற்றைக் கொட்டிவிட்டு அதாலேயே மொண்டு மொண்டு இறைத்தாள். "ஒக்காருங்கடா! ஒக்காருங்க!" என்று கத்திக்கொண்டே இறைத்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாளியின் மூடி மட்டும் கொஞ்ச தூரம் மிதந்து, சாய்ந்து, போய்விட்டது.

சாயங்காலம் கொட்டகையில் கூட்டம். கங்காணிக்கு அன்று தமாஷ் வரவில்லை.

"மூட்டை வச்ச எடத்துல படுத்துக் கெடந்துச்சு. கத்தல, எந்திரிக்கல. மனுசன் படுப்பானா? எனக்கு ஏன் இது அப்பத் தோணல?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார்.

இன்று எனக்கு இது எளிதாகப் புரிகிறது. சாக்கு உட்காராது, பயப்படாது. அன்று அங்கே இருந்தவர்கள் எல்லோரும் தினம் தினம் சாக்கைச் சுமந்தவர்கள். மனிதரின் கனமும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினார்கள். யாரைக் குற்றம் சொல்வது?

பின் பெஞ்சில் இனி யாரும் உட்காரக் கூடாது என்று முடிவானது. முன்னாலும் நடுவிலும் நெருக்கினால் எட்டுச் சாக்கு. சின்னவர்கள் ஆறு பேர் ஆறு சாக்கு. அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் ஒருவர், இரண்டு சாக்கு. முடிந்தது. இரண்டு நடை போக அப்பாவுக்கு நேரமில்லை, பெரட்டுக்கு நிற்க வேண்டும். அவருக்கு மாற்றாக எஞ்சினை ஓட்டப் பழகிய ஆளுமில்லை. எஞ்சின்காரருக்கு ஆள் அனுப்பிக் கேட்டார்கள். சின்னது அன்றைக்கே கைமாறிப் போயிருந்தது.

பெரியவளானபோது அக்காவுக்கு லயமே பந்தல் போட்டுச் சீர் செய்தது. அன்றுமுதல் அவள் இரண்டு சாக்கு.

"நான் நின்னுக்கிறேன். அக்கா போகட்டும்" என்றேன். யோசித்துச் சொன்னதுதான். அக்கா என்னைவிட நன்றாகப் படிப்பாள், பத்தாவது வேறு.

கங்காணி என் தலையில் கை வைத்தார். "நீ ஒரு சாக்குடா. ஒன்னய மாதிரி இன்னொருத்தன் எறங்குனாத்தான் ஒங்கக்காவுக்கு எடம்."

சுற்றிப் பார்த்தேன். இன்னொருத்தன் யாரும் வாய் திறக்கவில்லை. அவர்களும் பிள்ளைகள்தானே. சந்தைக்கும் மருந்துக்கும் போகிறவர் இடத்தை யாரும் கேட்கவுமில்லை. கங்காணி மகளை அந்த வாரமே பந்தலூரில் அவள் சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள், அங்கே படித்துக்கொள்ள. எங்களுக்கு எந்த ஊரிலும் சித்தி இல்லை.

அப்பா வீட்டுக்கு வந்து ஏதேதோ சொன்னார். காற்றுக் காலம் முடியட்டும் என்றார். அடுத்த வருஷம் பரீட்சை எழுதலாம் என்றார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் அவர் பேச்சை அவளே முடித்து வைத்தாள்.

"நாந்தானப்பா பெருசு வாங்கச் சொன்னேன்."

ஆடி வந்தது. மேல் லயத்தில் ஒரு பெண்ணுக்கு வலி. மத்தியானம், அதே காற்று, அதே மழை. கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அப்பாவைக் கூப்பிட்டார்கள். அவரும் அக்காவும் கம்பில் எஞ்சினைக் கட்டி இறங்கி ஓடினார்கள். அன்று பள்ளிக்கூடம் மழைக்காக விடுமுறை. நான் மறுபடி அதே துறையில் நின்றேன். படகு பாறையைத் தாண்டியது. தாண்டியதை நான் பார்த்தேன். சத்தம் சின்னதாகி, அக்கரை மழைக்குள் போய் அடங்கியது. பெண் குழந்தை. உயிரோடு.

அப்பா கற்கண்டு வாங்கி வந்து லயம் முழுக்கக் கொடுத்தார். அம்மா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அக்கா ஒன்றை வாயில் போட்டு, அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "நல்ல எஞ்சினுப்பா" என்றாள். மனதார அப்படித்தான் சொன்னாள். அப்பா வெளியே போய், மழை நிற்கும்வரை கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில், விட்டுவிட்டு அதன் தாய் கொழுந்தெடுக்க வந்தபோது, பக்கத்து வரிசையில் கூடையோடு அக்கா நின்றாள். காற்றுக் காலம் முடிந்தது. அடுத்த வருஷமும் வந்தது. அதற்குள் அவள் பெயர் தோட்டத்தின் ஆள் பதிவேடான செக்ரோலில் ஏறியிருந்தது, கை வேகமாகியிருந்தது. அப்பா கடைசிவரை கட்டைவிரல்தான் வைத்தார்.

எங்கள் வீட்டில் பத்தாவது தேறிய முதல் ஆள் என்று என்னை மேடையில் ஏற்றிச் சொல்வீர்கள். நானும் கைகட்டி நின்றிருக்கிறேன். இப்போது அந்தக் காட்டு வழி தார் ரோடாகிவிட்டது. படகு கரையில் கவிழ்ந்து கிடக்கிறது, மீன் மண்ணைப் பார்த்துச் சிரிக்கிறது. எஞ்சின் எந்தப் பழைய இரும்போடு போனதோ. அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தால் பையை இடது தோளில்தான் மாட்டுவாள். வலது தோளில் ஒரு காய்ப்பு இருக்கிறது. கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில்தான் அழுத்தும், தோளில் அல்ல. தோளில் இருப்பது வேறு காய்ப்பு.

அந்த வருஷங்களில் விடியக்காலையில் அப்பா முன்னால், அக்கா பின்னால். நடுவில் கம்பில் கட்டிய எஞ்சின் ஆடும். பாதை இறக்கம், பாரம் முன்னால் சரியும், அக்கா பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்குவாள். பின்னாலேயே நான், புத்தகப் பையோடு. துறையில் இருவரும் எஞ்சினைப் பின்பலகையில் மாட்டித் திருகை முறுக்குவார்கள். அக்கா என்னைத் தூக்கி நடு பெஞ்சில் உட்கார வைத்து, கொங்காணியைச் சரிசெய்து, "கத்தாத, எந்திரிக்காத" என்பாள். பிறகு படகைக் காலால் தள்ளிவிடுவாள்.

அப்பா கயிற்றை இழுப்பார். ஒருநாளும் கரைப்பக்கம் திரும்பமாட்டார். நான் திரும்பிப் பார்ப்பேன். அவள் வெறும் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு பெரட்டுக்கு ஏறிக்கொண்டிருப்பாள்.